அடுத்த சுற்று

என் செல்ல மகளுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார் என்று போனில் கேட்டாய். நன்றாக நடக்கிறார் என்றேன். அது பொய்யில்லை. பின்னோக்கி நடக்கிறார் என்பதைத்தான் சொல்லவில்லை.

நம் மாவட்டத்தின் பழைய நீதிமன்றத்தையும் கூரை போட்ட மரப்பாலத்தையும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக்காட்டிய காலத்தில், கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே பேசுவாரே, அதே நடை. இப்போது நம் வீட்டுக்குள். நிலவறைப் படியருகே போகிறாரே என்று பிடிக்க ஓடினால், "மேடம், கூட்டத்தோட வாங்க. கைப்பிடியைத் தொடாதீங்க, ரொம்பப் பழசு" என்று அதட்டுகிறார்.

நேற்று சமையலறையில் நின்று, "இந்த வீட்டம்மா பேரு அர்லீன். அவங்க பீச் பழ பை பலகாரம் சுட்டா தெருவே மணக்கும். ஆனா புருஷனை ஒரு வார்த்தை பேசவிடமாட்டாங்க" என்றார். என்னைப் பற்றி என்னிடமே! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்க இப்ப எங்க?" என்றேன்.

"கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க. அதுக்குள்ள நாம முடிச்சுக்கணும். கண்டவங்க வீட்டுக்குள்ள நடமாடினா அவங்களுக்குப் பிடிக்காது."

பிறகு என்னை வாசல்வரை கூட்டிவந்தார். வந்ததற்கு நன்றி சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார். தெருவெல்லாம் பனி. என் கோட்டும் சாவியும் உள்ளே.

வேறென்ன செய்வேன்? மணியை அடித்தேன்.

"அடுத்த சுற்றுக்கா? வாங்க, வாங்க" என்றார், முகமெல்லாம் மலர.

தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு வந்துவிடு. உன்னிடம் சாவி இருக்கிறதுதான். இருந்தாலும் மணியடித்துவிட்டு வா.

உன் அம்மா