கிழிசலில் இறங்கிய மை

அன்புள்ள தோழிக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். கெய்ரோவில் வெயில் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

நேற்று எங்கள் பாதிரியார் அபூனா செராபியோன், தேவாலயத்துக்கு யாரோ கொடுத்த பாப்பிரஸ் துண்டோடு வந்தார். உள்ளங்கை அகலம், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய காப்டிக் எழுத்தில் அப்போஸ்தலர் பேதுரு பேசுவதுபோல் நான்கு வரிகள். "உண்மைன்னு ஒரு கையெழுத்து போடு மகளே, ஞாயித்துக்கிழமையே எல்லாருக்கும் காட்டிடுவேன்" என்றார். இதற்கெல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள். சட்டென்று நம்பிவிடுகிறவள் என்று பெயர் வாங்கியவள் அல்லவா நான்!

பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போது நீ அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது: "எழுத்தப் படிச்சு மயங்காதடி, மொதல்ல கிழிசலப் பாரு." லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கிழிந்த நார்களுக்குள் மை இறங்கியிருந்தது. தாள் கிழிந்த பிறகுதான் எழுதியிருக்கிறார்கள்.

"போலி" என்றேன். "அடடா, பாட்டுக்காரங்க ஒத்திகையே முடிச்சிட்டாங்களே!" என்று சிரிக்கப் பார்த்தார், பாவம்.

அவர் போனதும் என்னுடைய துண்டை எடுத்தேன். நான் உண்மை என்று கட்டுரை அச்சிட்டு, நீ ஆய்வாளர் சபையில் எழுந்து போலி என்றாயே, அதேதான். ஆறு வருஷம் அதற்காக வாதாடினேன், விளிம்பை மட்டும் பார்க்காமல். அதிலும் மை இறங்கியிருக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இன்று ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். முதலில் கண்டுபிடித்தவர் என்று உன் பெயரைப் போட்டிருக்கிறேன். நேற்று என் கையெழுத்தைக் காப்பாற்றியதும் நீதான்.

அந்த லென்ஸ் உன்னுடையது. அன்று நான் கதவைத் திறந்து "போ" என்றபோது என் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனாய். தபாலில் அனுப்ப மாட்டேன். வெள்ளிக்கிழமை உபவாசத்துக்கு ஃபூல் பயறு வேகவைப்பேன், இரண்டு பேருக்கு. வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் லென்ஸைத் தினமும் துடைத்து வைத்தவள்