சுரேந்திரனின் ஊஞ்சலை இறக்கினேன்

திலக் நகர், செம்பூர்

அன்புள்ள சாருவுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் என் முழங்கால்களும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை கேஷவும் ஹாம்பர்க்கில் அதைவிட நன்றாக இருக்கவேண்டும் என்று மாதுங்கா கோவிலில் போன வெள்ளிக்கிழமை வேண்டிக்கொண்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் சுரேந்திரன் பேரை எடுத்தாலே நீ 'விட்டுடும்மா' என்கிறாய். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேசமுடியாது, முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். அவனை அவர் என்று எழுதக் கை வரவில்லை, அதற்கும் கோபித்துக்கொள்ளாதே.

அப்பா ரயில்வே எலக்ட்ரிகல் பிரிவிலிருந்து ரிடையர் ஆன பிறகும் கரண்டைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரியும். வருஷத்துக்கு வருஷம் மே மாதம் கொதிக்கிறது, கொதிப்பதால் எல்லா வீட்டிலும் ஏஸி ஓடுகிறது, அதற்கு எங்கேயோ நிலக்கரி எரிகிறது, அந்தப் புகை அடுத்த மே மாதத்தை இன்னும் கொதிக்க வைக்கிறது என்று காப்பி குடிக்கும்போதெல்லாம் சொல்வார். நம் மொட்டை மாடியில் சோலார் போட்டு பாட்டரியும் வைத்தால் லிப்ட், தண்ணீர் பம்ப், மாடிப்படி விளக்கு எல்லாம் வெயிலிலேயே ஓடும், கரண்ட் போனாலும் நிற்காது, அந்தப் பழைய பம்பையும் ட்யூப்லைட்டுகளையும் மாற்றிவிட்டால் கரண்டே கொஞ்சம்தான் வேண்டியிருக்கும் என்று நம் கட்டிடத்து சொஸைட்டி பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னார். அப்போது சுரேந்திரன்தான் செக்ரட்டரி. நமக்கு மேலே, கடைசி மாடியில் இருந்துகொண்டு மொட்டை மாடிக்குத் தன் பூட்டைப் போட்டு, பிளாஸ்டிக் புல் விரித்து, தேக்கு ஊஞ்சல் மாட்டி, சனிக்கிழமைகளில் சிநேகிதர்களைக் கூப்பிட்டுக் கொட்டமடித்துக்கொண்டிருந்தவன் சோலாருக்கு இடம் விடுவானா. 'ஜெயராம் மாமா உலகத்தையே கூல் பண்ணப் போறார், எல்லாரும் ஸ்வெட்டர் எடுத்து வெச்சுக்கோங்கோ' என்றான். கூட்டமே சிரித்தது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து தயிர்சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறமும் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவன் ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டான்.

போன மே மாதக் கடைசியில் அவர் மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கரண்ட் போய் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. 'விசிறி நின்னுடுத்து நாகு, வேற ஒண்ணுமில்லை, நீ பயப்படாதே' என்று உள்ளிருந்து சொன்னார். அந்த வெயிலில் கோவண்டியிலிருந்து மெக்கானிக் வந்து திறந்தபோது அவரிடமிருந்து பேச்சு இல்லை. இதுவரை உனக்குத் தெரியும். பதிமூன்றாம் நாள் நீ உள்ளே பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவன் வாசலில் நின்று என்னிடம் சொன்னது மட்டும் உனக்குத் தெரியாது. 'வயசாச்சு மாமி, லிப்ட்ல இல்லேன்னா வேற எங்கயாவது போயிருப்பார்' என்றான். அந்த நிமிஷத்தோடு என் அழுகை நின்றது சாரு. எனக்கு மனசு கல்லாகிவிட்டது என்று நீ ஏர்போர்ட்டில் வருத்தப்பட்டாயே, காரணம் இதுதான்.

சொஸைட்டித் தேர்தல் வந்ததும் இந்த முழங்காலோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். யாரிடமும் அப்பா பேச்சை எடுக்கவில்லை. கரண்ட் போனால் பம்ப் ஓடாதே, தண்ணீருக்கு என்ன செய்வீர்கள், லிப்டில் அடுத்தது யார் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் மாடியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி, அதற்குக் கீழே டயாலிசிஸுக்குப் போய்வருகிற ஒருவர், அந்த இரண்டு வீட்டிலும் நான் கேட்ட கேள்விக்குப் பிறகு காப்பி ஆறிப்போனது. அப்பாவைப் பார்த்துச் சிரித்த அதே ஜனங்கள்தான் என்னைச் செக்ரட்டரி ஆக்கினார்கள். அவன் முகம் போன போக்கை நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். மொட்டை மாடிச் சாவியை வாங்கின கையோடு சோலார் எஞ்சினியரை வரவழைத்தேன். ஃபர்ஸானா என்று சீத்தா கேம்பிலிருந்து வந்த தமிழ்ப் பெண், உன் வயசுதான் இருக்கும். முதல் பலகை இந்த ஊஞ்சல் இருக்கிற இடத்தில்தான் வரவேண்டும் என்றேன். 'கோவத்துக்கெல்லாம் கரண்ட் வராது ஆண்ட்டி, வெயில் எங்க விழுதோ அங்கதான் போடணும்' என்று சொல்லிவிட்டு மாடி முழுக்கச் சுற்றி வந்தாள். வந்தவள் சிரித்துக்கொண்டே, டேங்க் நிழல் விழாத நல்ல இடம் ஊஞ்சல் இடம்தான் என்றாள். அவளுக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தேன். ஊஞ்சலைக் கழற்றி இறக்கும்போது அவன் மாடிப்படியில் வந்து நின்றுகொண்டு 'மெதுவா, மெதுவா, தேக்கு' என்றான். நான் ஆட்களிடம் 'ஜல்தி, ஜல்தி' என்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெயில் காலம் ஆரம்பித்ததும் அவன் மனைவி ஒரு கிண்ணம் பாயசத்தோடு வந்து நிற்கிறாள். பலகைகள் கூரைமேல் நிழல் கட்டிவிட்டதால் அவர்கள் வீடு முன்னே மாதிரி வேகவில்லையாம், ராத்திரி ஏஸி இல்லாமலே தூங்குகிறார்களாம், எல்லாம் மாமி செய்த புண்ணியமாம். அவனை எரிக்கவேண்டும் என்று நான் போட்டது அவன் தலைக்கே குடையாகிவிட்டது. பாயசத்தை வாங்கி சிங்கில் கொட்டினேன். கொஞ்சம் நகர்த்திப் போட முடியுமா என்று ஃபர்ஸானாவுக்குப் போன் பண்ணினேன், அவள் சிரித்தாள். அப்பா இருந்திருந்தால் பலகைக்குக் கீழே வீடு குளிர்ந்தது பற்றி என்னைவிட அவனிடம்தான் போய் அரைமணி பேசியிருப்பார். அதை நினைத்தால் அப்பா மேலும் கோபம் வருகிறது.

இந்த மே மாத ஆரம்பத்தில் ஒரு மத்தியானம் தெரு முழுக்க கரண்ட் போனது. நம் கட்டிடத்தில் விளக்கு ஒரு தரம் சிமிட்டியதோடு சரி, லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் வந்தவன் சுரேந்திரன்தான். தன் மாடிக்குப் போகாமல் ஆறாவது மாடியிலேயே இறங்கி, நம் கதவைத் தட்டி, என் முகத்தைப் பார்க்காமல் 'மாமா சொன்னது சரிதான் மாமி, நான்தான் கேக்கலை' என்றான். 'எங்கிட்ட எதுக்குச் சொல்றேள், சிரிச்ச எடத்துல போய்ச் சொல்லுங்கோ' என்று கதவைச் சாத்தினேன். சொல்லமாட்டான் என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றான். ஜெயராம் மாமா சொன்னபோதே செய்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார், தடுத்தது நான் என்றான். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கோ என்றேன். மறுபடி சொன்னான். இன்னும் கேட்கவில்லை என்றேன். இன்னொரு தரம் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. போதும் என்று நான் சொல்வேன் என எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

மனசு ஆறியதா என்று கேட்பாய். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான். காலையில் எழுந்தால் காப்பி ஒருத்திக்குத்தான் கலக்கவேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் அப்பாவின் வருஷாப்திகம், வந்து ஒரு நமஸ்காரம் பண்ணிவிட்டுப் போகலாமா என்று நேற்று அவன் கேட்டனுப்பினான். வரவேண்டாம், நான் இன்னும் அவ்வளவு நல்லவளாகவில்லை என்று சொல்லியனுப்பினேன். இதற்கும் விட்டுடும்மா என்று பதில் எழுதாதே. விட்டுவிட்டால் நாள் முழுக்க நான் வேறு என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்.

வேலை வேலை என்று சாப்பாட்டை ஒத்திப்போடாதே. அப்பா திதியன்றைக்கு நீயும் தலைக்குக் குளித்து, ஒரு பிடி சாதத்தை ஜன்னலுக்கு வெளியே வை, காக்காய் இல்லாவிட்டால் எந்தப் பறவை வருகிறதோ அது சாப்பிடட்டும், மறந்துவிடாதே. நீயும் கேஷவும் நோய் நொடி இல்லாமல், மனசில் என்னைப்போல் எதையும் சுமக்காமல், நீண்ட காலம் சேர்ந்து வாழவேண்டும்.

உன் அம்மா,
நாகலக்ஷ்மி ஜெயராம்