இன்ஷூரன்ஸ்காரர் வரும்போது

தம்பி,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ.

மத்தியானம் இன்ஷூரன்ஸ்காரர் வீட்டுக்கே வர்றார். உன் கிளஸ்டர் தலைவலி வர்றப்ப இழுத்து வலியை அடக்க வீட்டுல ஆக்சிஜன் சிலிண்டர் வேணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்தும் அதுக்குப் பணம் தர ஏன் மறுத்தாங்கன்னு அவர்கிட்ட கேட்டேன். போன்ல விசாரிச்சப்ப நீயே "நல்லா இருக்கேன் சார்"னு சொன்னியாம். மரியாதைக்குச் சொன்னதை அவங்க அப்படியே எழுதிக்கிட்டாங்க. நேத்து உன்கிட்ட அதுக்குத்தான் கத்தினேன். கத்தினது கத்தினதுதான்.

இன்னிக்காவது உள்ளதை உள்ளபடி சொல்லு. காபி போட்டுக் கொடு, உபசாரம் அதோட போதும்.

அக்கா

பி.கு.: உன் ரூம்ல நீ மாட்டின காலண்டரைக் கழட்டிட்டேன். வலி தாங்காம தலையை முட்டி முட்டி நீ பேத்த சுவரை அவரும் பார்க்கட்டும். இத்தனை நாளா என்கிட்டயும் "நல்லா இருக்கேன்"னுதானே சொல்லிட்டிருந்தே.