விரல் நடந்தா போகிறது?

தேவிகாபுரம்
12.6.2006

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஆமாம், பூ கட்டினேன்தான். கோயில் வாசலில் உங்கள் சித்தப்பா மகன் ஜெயவேல் என்னைப் பார்த்ததும் உண்மைதான். சாமி கும்பிட வந்தாரா, என்னைப் பார்த்துவர நீங்கள் அனுப்பினீர்களா? கட்டியது இரண்டே முழம். அன்று சாயங்காலம் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. சோறு பிசைய முடியவில்லை. அதை ஜெயவேல் பார்க்கவில்லை. பஸ் ஏறிவிட்டிருந்தார்.

போனில் பேசலாமே என்பீர்கள். போனில் கத்துகிறீர்கள். காகிதத்தில் கத்த முடியாது.

முட்டி வலிக்கு நான் குண்டானதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னபோது உடனே நம்பினீர்கள். விரலும் வலிக்கிறது என்று நான் சொன்னதும் சிரித்தீர்கள். "முட்டி உடம்பத் தூக்குது, சரி. விரலு இன்னா, நடந்துகினா போவுது?" அத்தையும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றுதான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன்.

நான் நடிக்கிறேன் என்று அண்ணியிடம் போனில் சொன்னது யார்?

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

கற்பகம்


ஆரணி
19.6.2006

அன்புள்ள கற்பகத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஜெயவேலை நான் அனுப்பவில்லை. அவனாக வந்து சொன்னான்.

தறிக்குப் புதுப் பாவு நூல் வந்துவிட்டது. நீ இல்லாமல் அதைப் பழைய பாவோடு இழை இழையாகப் பிணைக்க ஆள் இல்லை. தறி சும்மா கிடக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணன் வீட்டில் பாத்திரம் தேய்க்க விரல் மடங்குகிறது அல்லவா? நம் வீட்டுப் பட்டு நூலைத் தொட்டால் மட்டும் வீங்குமா?

"உக்காந்துகினே துன்னா உடம்பு போடாம இன்னா பண்ணும்" என்கிறாள் அம்மா. நான் சொல்லவில்லை.

லோகநாதன்


தேவிகாபுரம்
24.6.2006

பாத்திரம் தேய்ப்பது அண்ணி. அதையும் ஜெயவேலிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கற்பகம்


ஆரணி
3.7.2006

அன்பு மனைவி கற்பகத்துக்கு,

நேற்று டாக்டரிடம் போனேன். உனக்கு மருந்து கேட்கத்தான் போனேன். எடை என்பது வெறும் சுமை இல்லையாம். உடம்பில் சேரும் கொழுப்பு சும்மா இருக்காதாம். வீக்கத்தைத் தூண்டும் ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலந்துவிடுமாம். அது எல்லா மூட்டுக்கும் போகுமாம், சுமை தூக்காத விரலுக்கும். வேறு காரணங்களும் உண்டாம். கொஞ்சம் எடை குறைந்தாலே வலி தணியுமாம்.

இப்போது எனக்குச் சந்தேகமில்லை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பாவு பிணைக்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்தால் போதும்.

உன் லோகநாதன்


தேவிகாபுரம்
10.7.2006

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

"உன் லோகநாதன்" என்று நீங்கள் எழுதியதே இல்லை. அதனால் எனக்குச் சந்தேகம் வந்தது. டாக்டர் பெயரைச் சொல்லி என்னை வரவழைக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். நேற்று ஆரணிக்கு வந்து டாக்டரிடமே கேட்டேன். நீங்கள் போனது நிஜம். அவர் சொன்னதும் நிஜம். எனக்கு வெட்கமாகிவிட்டது. நேராக வீட்டுக்கு வந்துவிடலாம் என்று செருப்பைத் தேடினேன்.

டாக்டர் அறை வாசலில் சீட்டு கொடுக்கும் அபிதகுசாம்பாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க வீட்டுக்காரரு இன்னாக்கா, மருந்து கேப்பாருன்னு பாத்தா, 'அவ நடிக்கிறாளா இல்லியா, அத்த மட்டும் ஜல்தியா சொல்லுங்க சார்'னு நின்னுகினு இருந்தாரு!"

மருந்து எழுதி வாங்கினாரா என்று கேட்டேன். இல்லையாம்.

நான் ஒரு வருஷமாகச் சொன்னேன். டாக்டர் ஒரு தடவை சொன்னார். இனி எனக்குத் தலை வலித்தாலும் வயிறு வலித்தாலும் நீங்கள் அவரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் என் முகத்தைப் பார்ப்பீர்கள். உங்களைப் பற்றி நானும் அவரிடம் போய்த்தானே கேட்டேன். நம் இருவருக்கும் நடுவில் எத்தனை நாளைக்கு ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார்?

அங்கேயே எடை பார்த்துக்கொண்டேன். எனக்கான மருந்தை நானே வாங்கினேன். பிறகு தேவிகாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கற்பகம்