மேசைக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு

அக்கா,

என் மேசைக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பு கிடக்கிறது. என்னுடையது இல்லை, அப்பாவுடையதும் இல்லை. கறுப்பு ரப்பர் செருப்பு, இடது குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்தவர் இந்த மதிய வெயிலில், மொட்டை மாடித் தரை தோசைக்கல்லாகக் கொதிக்கும்போது, வெறுங்காலோடு இறங்கிப் போய்விட்டார். செருப்பை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான், இன்னொருவர் நீங்கள். அதனால்தான் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் தடவை நீங்கள் இந்த ஷீட் போட்ட அறைக்குள் எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு வந்தீர்கள். கீழ் போர்ஷனுக்குக் குடி வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. தோளில் ஒரு மூட்டைத் துணியோடு கதவில் நின்று கேட்டீர்கள்.

"இன்னாடா பண்ற உள்ள? ஆட்டோ சத்தம் கேக்குது, ஆட்டோவைக் காணோம்."

"கேம் அக்கா. நானே பண்ணினது."

"நீயேவா? யார் சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல. வீடியோ பாத்துதான்."

"அப்ப காட்டு."

துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டீர்கள். நான் மூச்சு விடாமல் விளக்கினேன். மழை நாள், தாம்பரத்திலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ கிளம்புகிறது, வழியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, ரோடு மூடுவதற்குள் ஏறியவர்களை எல்லாம் அவரவர் வீட்டில் இறக்கிவிட வேண்டும். அதுவரை என் கேமை இணையக் குழுவில் இருந்தவர்கள் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். அவர்களும் என்னைப் போல கேம் பண்ணுகிறவர்கள். என் ஆட்டோவைக் காட்டினால் தங்கள் டிராகனைப் பற்றிப் பேசுவார்கள். என் கண்ணுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஆடிய முதல் ஆள் நீங்கள்தான்.

"சூப்பரா இருக்குடா" என்று சொன்னீர்கள். முகம் நிறையச் சிரிப்பு. நான் ஆகாயத்தில் பறந்தேன். அப்போது சார்ஜர் வயர் கழன்று விழ, அதைச் செருகக் குனிந்தேன். மேசைக்கு அடியில் உங்கள் வலது கால் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துழாவிக்கொண்டிருந்தது. கழற்றிவிட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"அக்கா, போர் அடிக்குதா?"

"சேச்சே. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கால் ஏன் செருப்பு தேடுது?"

நீங்கள் குனிந்து உங்கள் காலை நீங்களே பார்த்தீர்கள். பிறகு சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த துணியெல்லாம் தரையில் விழுந்தது. "டேய், ஆபீஸ்ல மீட்டிங் இழுத்துகினே போச்சுன்னா இப்படித்தான் தேடும். இத்தனை வருஷத்துல எவனும் கண்டுபிடிக்கல. மேனேஜரே கண்டுபிடிக்கல."

அன்றைக்கு நம் இருவருக்கும் இடையில் ஒரு வழக்கம் உண்டானது. நீங்கள் ஆடுவீர்கள். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து உங்கள் காலை மட்டும் பார்ப்பேன். வாயைத் திறக்கக் கூடாது. எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லித்தரக் கூடாது. "உன் கேமை வாங்குறவன் வூட்டுக்கெல்லாம் போய் பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுப்பியா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை மூடிவிட்டீர்கள். கால் செருப்பைத் தேட ஆரம்பித்த இடத்தை நான் குறித்துக்கொள்வேன். அடுத்த வாரம் அந்த இடத்தை மாற்றியிருப்பேன்.

அம்மாவுக்குத்தான் இது பொறுக்கவில்லை. "அந்தப் பொண்ணு மின்சார ரயில்ல நசுங்கி வந்து இப்பத்தான் காலை நீட்டுது. நீ அதைக் கூட்டிட்டுப் போய் காலையே பாத்துட்டு உக்காந்திருக்கே. வெளியில சொன்னா எவனாவது நம்புவானா?" நீங்கள் படியில் நின்று அம்மாவுக்குப் பதில் சொன்னீர்கள்: "விடுங்க ஆன்ட்டி, எங்க வூட்டுக்காரர் என் மூஞ்சியையே பாக்கறதில்ல. இவன் காலையாவது பாக்கறான்." கீழே உங்கள் கணவர், மாமா, செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஹார்ன் சண்டையை மறக்க முடியுமா? ஆட்டோவில் ஏறிய உடனே நீங்கள் ஒவ்வொரு பட்டனாக அமுக்கித் தேடினீர்கள்.

"ஹார்ன் எங்கடா?"

"ஹார்ன் இல்ல அக்கா. கேம்ல அதுக்கு யூஸ் இல்ல. அடிச்சா யாரும் விலக மாட்டாங்க."

"யூஸ் இருந்தாத்தான் அடிப்பாங்களா? இந்த ஊர்ல எவன் யூஸுக்கு அடிக்கறான்? ஹார்ன் இல்லாம எப்படிடா ஆட்டோ ஓட்றது, ஊமை மாதிரி."

நான் முக்கால் மணி நேரம் வாதாடினேன். பிறகு தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிஜ ஆட்டோ ஹார்னை போனில் பதிவுசெய்து வந்து போட்டேன். அன்று நீங்கள் ஒரு சவாரிகூட ஏற்றவில்லை. செம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவைத்து அடித்துக்கொண்டே இருந்தீர்கள். கால் அசையவே இல்லை. விரல்கள் மட்டும் தரையில் தாளம் போட்டன.

ஆனால் நம் பெரிய சண்டை கடிகாரத்தைப் பற்றியதுதான். திரையின் மேல் மூலையில் நேரம் குறைந்துகொண்டே வரும்படி வைத்திருந்தேன். எல்லா கேமிலும் இருப்பதுதான். அது சிவப்பாக மாறும்போதெல்லாம் உங்கள் கால் செருப்புக்குள் போய்விடும்.

"அக்கா, அதுதான் டென்ஷன். அது இருந்தாத்தான் வேகமா ஓட்டுவாங்க."

"எனக்கு ஆபீஸ்லயே தலைக்கு மேல அது ஓடுது. மழைல எவன்டா வாட்ச் பாப்பான்? நான் அனகாபுத்தூர்ல ஆத்தோரத் தெருவுல பொறந்தவ. மழை வலுத்தா எங்க அம்மா மணி பாக்காது. எதிர் வூட்டுப் படியைப் பாக்கும். மொதப் படி மூழ்கினா அரிசியை மேல ஏத்தும். ரெண்டாம் படி மூழ்கினா எங்களை மேல ஏத்தும்."

அதைச் சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குக் கீழே போய்விட்டீர்கள். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன் அக்கா. கடிகாரமே இல்லாத கேம். தெருவுக்குத் தெரு வீட்டுப் படிகள், அதில் ஏறும் தண்ணீர். படியைப் பார்த்துத்தான் எந்த வழி இன்னும் திறந்திருக்கிறது என்று ஆடுகிறவர் கணிக்க வேண்டும். மறுநாளே தண்ணீருக்கான நிரலைப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். எழுதுவது லேசாக இல்லை. பாதித் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து கூரை வழியாக வெளியே வந்தது. "இன்னும் ஆறு வரலியா?" என்று தினமும் ஆபீஸிலிருந்து திரும்பும்போது கீழிருந்தே கேட்பீர்கள்.

ஆறு வருவதற்குள் நீங்கள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் இந்த அறையை நான் திறக்கவில்லை. திறந்தபோது தண்ணீரைத்தான் முதலில் முடித்தேன். இப்போது படிகள் சரியாக மூழ்குகின்றன. அனகாபுத்தூர் சந்துகளில் தண்ணீர் திரும்பி வரும் விதத்தைப் பார்த்தால் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவீர்கள். ஆனால் அது வேலை செய்கிறதா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாம் வாயால் சொன்னார்கள்.

நாளைக் காலை இணையத்தில் ஒரு கேம் சந்தை திறக்கிறது. என்னைப் போலத் தனியாகப் பண்ணுகிறவர்களின் கேம்களை எங்கெங்கிருந்தோ வந்து இலவசமாக ஆடிப் பார்ப்பார்கள். அங்கேயும் கவனிக்க ஆளில்லை என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதனால் முன்கூட்டியே குழுவில் போட்டுக் கருத்துக் கேட்டேன். "செம ப்ரோ" என்று வந்தது. "தண்ணி அழகு, ஆனா டைமர் வை ப்ரோ, டைமர் இல்லன்னா ஆளு ரெண்டு நிமிஷத்துல ஓடிடுவான்" என்று அதைவிட அதிகமாக வந்தது. அவர்கள் காலை நான் எப்படிப் பார்ப்பது? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காமராஜபுரத்தில் நண்பனின் செல்போன் கடைக்குப் போனேன். வந்த பையன்கள் எல்லாம் ஷூ போட்டிருந்தார்கள். ஷூவுக்குள் கால் என்ன சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இன்று மதியம் கடிகாரத்தைத் திரும்ப வைத்துவிடலாம் என்று முடிவுசெய்து பழைய கோப்பைத் திறந்துவிட்டேன். அப்போது கதவருகில் நிழல் விழுந்தது.

மாமா.

நீங்கள் போன பிறகு அவர் மாடிக்கு வந்ததே இல்லை அக்கா. துணியைக்கூட வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறார். தண்ணீர்த் தொட்டி வழிகிறது என்று சொல்லத்தான் வந்தார். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் அவர் இன்னும் அங்கேயே நின்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுலதான் உக்காருவாளா?"

"ஆமா மாமா."

"என்னதான்டா பண்ணுவீங்க? கீழ ஹார்ன் சத்தமா கேக்கும். கேட்டா டெஸ்டிங்னு சொல்லுவா. நானும் ஏதோ ஆபீஸ் வேலைன்னு இருந்துட்டேன்."

"உக்காருங்க மாமா. நீங்களே பாருங்க."

"எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எந்த பட்டன் எதற்கு என்று மட்டும் சொன்னேன். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஆரம்பம் மோசம். வண்டி ஒரு டீக்கடைக்குள் புகுந்தது. பிறகு கால்வாயில் இறங்கியது. மாமாவின் கால் துழாவ ஆரம்பித்தது. இடது செருப்பு கிடைத்து உள்ளேயும் போய்விட்டது. சரி, முடிந்தது, கடிகாரத்தை வைத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அவர் கை தவறி ஹார்னில் பட்டது.

மாமா கையை எடுத்துவிட்டார். திரையையே பார்த்தார். பிறகு ஒரு விரலால், மெதுவாக, இன்னொரு தடவை அடித்தார்.

"இதுதானா அது" என்றார்.

அடுத்து வண்டி அனகாபுத்தூருக்குள் நுழைந்தது. மழை வலுத்தது. பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண், ஒரு மீன்கூடைக்காரர், ஒரு கல்லூரிப் பையன். மாமா முன்னால் சாய்ந்தார். நான் எதுவுமே சொல்லவில்லை அக்கா, சத்தியமாகச் சொல்லவில்லை. அவராகவே முணுமுணுக்க ஆரம்பித்தார்.

"இந்த வூட்ல ரெண்டு படி போயிடுச்சு. இந்தாண்ட போனா மாட்டிப்போம். அந்தாண்ட திரும்பு. அந்தப் பச்சை வூட்டுப் படி இன்னும் தெரியுது பாரு. போ, போ, போ. யோவ், நடுவுல நிக்காதய்யா." ஹார்ன். ஹார்ன். "குழந்தை இருக்கு வண்டில, தள்ளு."

இடது கால் செருப்பிலிருந்து வெளியே வந்தது. பத்து விரல்களும் தரையைக் கவ்விக்கொண்டன. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

குழந்தைக்காரியை வாசலில் இறக்கினார். மீன்கூடைக்காரரையும் இறக்கினார். கல்லூரிப் பையனின் தெருவுக்குப் போகும்போது மூன்றாம் படியும் மூழ்கி வண்டி நின்றுவிட்டது. மாமா நன்றாகப் பின்னால் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படியைப் பாக்கறது யாரோட ஐடியா? உன்னோடதா?"

"அக்காவோடது."

தலையை ஆட்டினார். நல்லாயிருக்கு என்றோ சூப்பர் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தப் பையனை மொதல்ல இறக்கியிருக்கணும். ஆத்துப் பக்கம் போறவனை மொதல்ல இறக்கணும். அவ இருந்தா திட்டியிருப்பா" என்று தனக்குள் சொல்லியபடியே எழுந்து வெளியே நடந்தார். கொதிக்கிற தரையில் எல்லோரும் குதித்துக் குதித்துத்தான் போவோம். அவர் குளிர்ந்த கூடத்தில் நடப்பதுபோல ஒரே சீராக நடந்து, கையால் காற்றில் இடதுபக்கம் ஒரு திருப்பம் திருப்பிக் காட்டிக்கொண்டே படியிறங்கினார். அப்போதுதான் மேசைக்கு அடியில் பார்த்தேன்.

நீங்கள்கூட ஒருநாளும் செருப்பை மறந்துவிட்டுப் போனதில்லை அக்கா.

பழைய கோப்பை மூடிவிட்டேன். கடிகாரம் இல்லாமலே, உங்கள் ஆற்றோடும் உங்கள் ஹார்னோடும் கேமைச் சந்தைக்கு ஏற்றிவிட்டேன். நாளைக்கு யார் வருவார்கள், எத்தனை பேர் ரெண்டு நிமிஷத்தில் ஓடுவார்கள் என்று தெரியாது. வேலைக்குப் போக வேண்டியும் வரலாம். போனாலும் அங்கே மீட்டிங்கில் மேசைக்கு அடியில்தான் பார்ப்பேன், அந்தப் பழக்கம் இனிமேல் என்னை விட்டுப் போகாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து குரல் வந்தது.

"தம்பி, என் செருப்பு அங்க கெடக்கா?"

"இருக்கு மாமா. கொண்டு வரட்டா?"

"வேணாம், அங்கயே கெடக்கட்டும். அந்தப் பையன் நடுத்தெருவுல நிக்கறான் இல்ல, சாயந்தரம் வந்து இறக்கிவுடறேன்."

செருப்பை எடுத்து உங்கள் நாற்காலிக்கு அடியில், கால் துழாவினால் உடனே கிடைக்கிற இடத்தில் வைத்திருக்கிறேன். சோதனை நியாயமாக நடக்க வேண்டும் இல்லையா. தேடுகிறதா என்று பார்க்க நான் தரையில் உட்கார்ந்திருப்பேன்.