ஸ்ட்ராபெரி ஜாம்

என்னங்க,

காலையில் ரொட்டியில் தடவிக்கொண்டே, "இந்த ஜாம் தேக்கா மார்க்கெட்டுல கிடைக்குமா? நல்லாருக்கு லா" என்று கேட்டீர்கள். வாங்கிய கடை ஞாபகமில்லை என்றேன். அது கடையில் வாங்கியதே இல்லை.

கேமரன் மலையில் நாங்கள் தங்கிய வீடு போட்டோவில் பார்த்ததைவிட அழகு. ஆபீஸ் தோழிகளோடு வாசலில் நின்று தேயிலைச் சரிவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். துவைத்த துண்டுகளைச் சுமந்து வந்த வேலைக்காரப் பெண், உங்கள் சித்தி மகள் தவமணி. நம் கல்யாணத்தில் எனக்கு நாத்தனார் முடிச்சுப் போட்டவள். ஈப்போவை விட்டுப் போனபின் எங்கே இருக்கிறாளோ என்று நீங்கள் விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்களே, அவளேதான்.

"அண்ணி!" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

தோழிகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆங்கிலத்தில், இன்னும் இரண்டு தலையணை வேண்டும் என்றேன்.

"சாரி, தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் தலையணை எடுக்கப் போனாள்.

கிளம்பும்போது யாரும் பார்க்காத நேரத்தில் இந்த ஜாம் பாட்டிலை என் பையில் வைத்தாள். "அண்ணனுக்குப் புடிக்கும், மேடம்."

அந்த வீட்டின் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களிடம்கூட அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். அதனால்தான் நானே எழுதுகிறேன்.

உங்கள் மனைவி