உங்கள் டேப் எனக்குத் திறக்கவில்லை, அப்பா

நான் எவ்வளவு கத்தினாலும் பதிலுக்குக் கத்தாத என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையப் பாரு" என்பீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டேப் பூட்டிக்கொண்டது. நான் வைத்துக் கொடுத்த எண்ணை அது ஏற்கவில்லை.

நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பையில் உங்கள் கண்ணாடி, துண்டு, மாத்திரை டப்பாவோடு டேப்பும் கிடந்தது. அந்தப் பையைப் பிரிக்கவே எனக்கு இத்தனை நாள் ஆனது. போன சனிக்கிழமை சார்ஜ் போட்டேன். ஒருமுறை அணைந்து எழுந்துவிட்டால் விரல் ரேகை செல்லாது, எண்தான் கேட்கும். கேட்டது. உங்களுக்கு மறக்கக் கூடாதென்று நான் வைத்த ஒன்று இரண்டு மூன்று நான்கைப் போட்டேன். தவறு என்றது.

டேப் போனால் போகட்டும். உள்ளே அம்மா இருக்கிறாள்.

அம்மாவின் கடைசி வருடம் முழுக்க நீங்கள் அவளை வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். என்னிடம் அவளுடைய போட்டோக்கள் இருக்கின்றன, குரல் இல்லை. வாட்ஸப் செய்திகள் தானாக அழியும்படி வைத்திருப்பவன் நான். டேப்பில் இருப்பது ஆன்லைனில் சேமிப்பாவதை, இடம் நிறைந்துவிட்டதென்று நிறுத்தியவனும் நான். பத்து முறை தவறான எண் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்ற ஏற்பாட்டையும் நானே செய்தேன். பாதுகாப்பு என்று உங்களுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்தது நினைவிருக்கிறதா? தலையாட்டிக்கொண்டே கேட்டீர்கள்.

எனக்குத் தெரிந்த எண்களையெல்லாம் போட்டேன். என் பிறந்த வருடம், அம்மாவுடைய வருடம், உங்கள் கல்யாண வருடம், பழைய ஸ்கூட்டரின் நம்பர். ஆறாவது தவறுக்கு ஒரு நிமிடம் காத்திரு என்றது. அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் பதினைந்து. ஒன்பதாவதாக அம்மா இறந்த தேதியைப் போட்டேன். ஒரு மணி நேரம் என்றது. யோசிக்காமல் அடுத்தடுத்துத் தட்டியிருக்கிறேன், என் வழக்கம்போல. ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி.

அந்த ஒரு மணி நேரம் முடிந்த பிறகும் நான்கு நாள் அதைத் தொடவில்லை. நான்கு நாள் எதற்காவது நான் காத்திருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நம் வாகட் ஃபிளாட்டில் மூன்று அறை. எந்த அறையில் உட்கார்ந்தாலும் மேஜைமேல் அந்தக் கறுப்புக் கண்ணாடி கிடப்பது மண்டைக்குள் தெரிந்தது.

கேம்ப் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரீசெட் கர் தூங்கா சார். டேட்டா நஹீ பசேகா." திறந்து தருவாராம், உள்ளே எதுவும் மிஞ்சாதாம். எனக்கே தெரிந்த பதில்தான். வேறொருவர் வாயிலிருந்து வேறு மாதிரி வருமோ என்று போயிருந்தேன்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போதுதான் தோன்றியது. வியாழக்கிழமைதோறும் துணிப்பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு தாபோடிக்குப் போவீர்களே, உங்களோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த பழனி அங்கிள் வீட்டுக்கு. அங்கே என்ன செய்வீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. நேராக அங்கே போனேன்.

"வாடா, பெரிய இன்ஜினீயர்! ஷூவ வெளியவே கழட்டு, ஆன்ட்டி இப்பதான் தொடச்சா" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நம்பர் தெரியும். ஆனா உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்கப்பன் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"எங்கிட்டயா? ஏன் அங்கிள்?"

"என்னைக் கேக்குற? நீ என்ன பண்ணேன்னு யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை, அப்பா.

"தீவாளிக்கு முன்னாடி அந்த டேப்ப எடுத்துக் குப்பைன்னு என்னமோ அழிச்சியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் வந்தது. டேப் மெதுவாக ஓடுகிறது என்றீர்கள். காலை வணக்கப் படங்கள், ஆடி மங்கிய வீடியோக்கள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்து, "இப்ப பாருங்க, பறக்கும்" என்று கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டீர்கள்.

"அதுல நாலு உங்கம்மா வீடியோடா. அவனுக்குக் கை நடுங்கும்ல, அதான் படம் ஆடியிருக்கும். நேரா இங்க வந்து உக்காந்தான். 'புள்ளைகிட்ட சொல்லிடாத பழனி, தெரிஞ்சா உடைஞ்சு போயிருவான். நம்பர மட்டும் மாத்திக் குடு'ன்னான். எம் பொண்ணுதான் மாத்திக் குடுத்தா."

வெளியே லோணாவளா லோக்கல் ரயில் போயிற்று.

ஆன்ட்டிதான் அவல் போஹா தட்டைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தார். "போனவர் பேச்சக் காப்பாத்துறேன்னு இருக்கிற புள்ளயப் பட்டினி போடுவீங்களா? சொல்லித் தொலைங்க. நீ சாப்பிடு கண்ணு."

"சொல்றேன்டி, சொல்ல மாட்டேன்னா சொன்னேன்?" என்று என் பக்கம் திரும்பினார். "உங்கப்பன் டோக்கன் நம்பர் என்ன, சொல்லு பாக்கலாம்."

"டோக்கனா?"

"பித்தளை டோக்கன்டா. தினம் கேட்ல எடுத்துப் பலகைல மாட்டணும். முப்பத்தோரு வருஷம் மாட்டினான். உள்ள எவன் அவனப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்? மெடிக்கல்ல நம்பர், ஓவர்டைம்ல நம்பர், கேன்டீன்ல டீ வாங்கினாலும் நம்பர்தான். எனக்கே மொத ரெண்டு வருஷம் அவன் பேரு தெரியாது."

எனக்கு உங்கள் எண் தெரியவில்லை. அந்த வேலையில்தான் என்னை இன்ஜினீயரிங் படிக்க வைத்தீர்கள். என் பழைய கம்பெனியின் ஊழியர் எண் இன்னும் எனக்கு மனப்பாடம். உங்களுடையதைக் கேட்க ஒருநாளும் தோன்றவில்லை. ஒன்பது முறையும் வீட்டு எண்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

வருகைப் பதிவு எடுப்பவர்போல அங்கிள் நான்கு இலக்கங்களைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பூட்டின் சாவியை ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது, அந்த வகுப்பை எடுத்ததே நான்தானே. கடைசி வாய்ப்பு. மூன்று இலக்கம் போட்டுவிட்டு, நான்காவதை இன்னொரு முறை அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு அழுத்தினேன். திறந்தது.

"பாத்தியா? எங்க ஃபேக்டரி நம்பர், அவ்வளவு சுலபமா ஏமாத்தாது" என்று சொல்லிவிட்டு அங்கிள் முகம் கழுவ எழுந்து போனார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு முதல் வீடியோவைப் போட்டேன். சோபாவில் அம்மா பச்சைப் பட்டாணி உரிக்கிறாள். பின்னால் என் அறைக் கதவு மூடியிருக்கிறது.

"அவன் சாப்பிட்டானா?" என்கிறாள்.

"மெதுவாப் பேசு. மீட்டிங்ல இருக்கான்" என்கிறீர்கள்.

"காலைலேர்ந்தா? உள்ள எவளாச்சும் பொண்ண ஒளிச்சு வெச்சிருக்கானா, போய்ப் பாருங்க."

நீங்கள் சிரிக்கிறீர்கள், படம் ஆடுகிறது. அம்மாவும் சிரிக்கிறாள். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து என் குரல் வருகிறது: "அப்பா! கொஞ்சம் சத்தம் போடாம இருக்கீங்களா?"

அதற்குப் பிறகு நான்கு நிமிடம் யாரும் பேசவில்லை. அம்மா உரிக்கிறாள். சத்தம் வரக் கூடாதென்று ஒவ்வொரு பட்டாணியையும் கிண்ணத்துக்குள் விரலால் இறக்கி வைக்கிறாள். உள்ளே நான் யாருக்கோ ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டே போகிறேன். நீங்கள் வீடியோவை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை, அப்பா?

அம்மாவின் குரலுக்காக இவ்வளவு அலைந்தேன். கிடைத்ததில் பாதி என் குரல். இன்றைக்கு இந்த வீட்டில் யாரும் எனக்காக மெதுவாகப் பேச வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம். போட ஆளில்லை.

நான் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறவன். பாடமானாலும் படமானாலும் அப்படித்தான். அந்த நான்கு நிமிடத்திலும் ஓட்டிவிட விரல் தானாகத் திரைக்குப் போனது. கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டேன். இன்னும் நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. தினம் ஒன்று பார்ப்பேன். ஆடினாலும் மங்கினாலும், யாரும் பேசாவிட்டாலும், நீங்கள் எடுத்த வேகத்திலேயே கடைசிவரை பார்ப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

அடுத்த அறையிலேயே இருந்த
உங்கள் மகன்,
கார்த்தி